ஹில்ட்ரூட் தோண்டிய கல்

எங்கள் ஊரில் ஹில்ட்ரூட் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது. கல்யாணத்தன்றுகூட விருந்து மேசையில் அமராமல் அடுத்தவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று அவள் மாமியார் சாகும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தால் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நிற்பாள். பாதிரியார் ஆசீர் சொல்லி முடிப்பதற்குள் அவள் காலடிச் சத்தம் கோயிலைச் சுற்றி நிற்கும் கோட்டையின் வாசலைத் தாண்டியிருக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நின்று பதில் சொல்ல அவளுக்கு ஏது நேரம்?

நான் எங்கல்ஹார்ட். இதே ஹெல்ம்பாக்கில் பிறந்து, மைன் நதிக்கு மேலே இதே சரிவில் திராட்சை போட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன். ஊரின் எழுவரில் ஒருவன். எழுவருடைய வேலை எல்லைக்கல் நடுவது. இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே கல்லை நடும்போது அதற்கு அடியில் ஓர் அடையாளத்தைப் புதைப்போம். அது சுட்ட மண்ணா, கண்ணாடியா, எத்தனை, எப்படி அடுக்குவது என்பதெல்லாம் எங்கள் ஏழு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எழுதி வைப்பதும் கிடையாது. வாயால் சொல்லிக் காதால் வாங்கி, கடைசியில் குழிக்குள் கூடவே கொண்டுபோக வேண்டியது. எவனாவது திருட்டுத்தனமாகக் கல்லை நகர்த்தினால், கல் போகும், அடையாளம் போகாது. நாங்கள் தோண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். என் பெண்டாட்டி துருவித் துருவிக் கேட்டு அலுத்துவிட்டாள். நீங்களும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

மற்ற இடங்களில் எல்லாம் அரசாங்கம் வந்து பழைய நிலங்களைக் கலைத்து, கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. எங்கள் தென்சரிவை மட்டும், ஆடுகூட வழுக்கி விழும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் கல் சொன்னதுதான் எல்லை.

ஹில்ட்ரூட் பக்கத்து ஊர்ப் பெண். ஆல்பனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஆல்பனின் அப்பா அப்போது எழுவருக்குத் தலைவர். மீசையைப் பார்த்தாலே பயம் வரும். அவர் இருமினால் ஆல்பன் எழுந்து நிற்பான். மருமகளாக வந்த முதல் வசந்தத்திலேயே அவள் சரிவின் மேல் மூலையில் முள்புதருக்குள் ஒரு கல்தூண் நிற்பதைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். யார் கண்டுகொண்டோம்? அவள் அரிவாளால் முள்ளை வெட்டித் தள்ளி, வாளியும் தூரிகையுமாக நின்று தேய் தேய் என்று தேய்த்தாள். பாசிக்கு அடியிலிருந்து திராட்சைக் கொடி ஒன்று சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. அதன் உச்சியில் இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குலையும் பறித்துத் தின்னலாம் போல இருந்தது. இது யாருடையது என்று ஹில்ட்ரூட் கேட்டாள். தூணுக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி எல்லைக்கல் இருந்தது. ஆல்பன் அதைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், நம்முடையதுதான் என்றான்.

அந்தப் பக்கத்து நிலம் வென்டலின் குடும்பத்துடையது. வென்டலின் அப்போது ஷ்வைன்ஃபுர்ட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். நிலம் புதராகக் கிடந்தது. அவனுடைய அப்பா மட்டும், தூண் எங்களுடையது, என் பாட்டன் நட்டது என்று ஒயின் கடை ஒயின் கடையாகக் கத்திப் பார்த்தார். ஆல்பனின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, கல் சொல்வதைக் கேள் என்றார். அதற்கு மேல் பேச்சு ஏது? கிழவர் அந்த வயிற்றெரிச்சலோடேயே போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தூணால் ஹில்ட்ரூட்டுக்கு வாழ்வு வந்தது. வசந்தத்திலும் அறுவடைக் காலத்திலும் சில வாரங்கள் ஆல்பன் வீட்டுக் களஞ்சியத்தில் சொந்த ஒயினை விற்பார்கள். வாசலில் பச்சைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். வினிகரில் வேகவைத்த சாசேஜ், வெங்காயம் போட்டுச் சுட்ட ரொட்டி, தட்டைக் குப்பியில் சில்வானர் என்கிற வெள்ளை ஒயின், இவ்வளவுதான். பலகையில் திராட்சைத் தூணை வரைந்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாயிற்கோபுரத்தில் தொடங்கி, கோட்டைச் சுவருக்குள் இருக்கும் கோயிலையும், எதிரி வந்தால் தானியத்தையும் பீப்பாயையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்ட பழைய அறைகளையும் காட்டி, மூச்சு வாங்க வாங்கச் சரிவில் ஏற்றி, கடைசியில் தூணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். பெருசுகள் தூணின் படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைக்கும்போது அவள் நின்றபடி நெருப்பு மனிதன் கதையைச் சொல்லுவாள்.

எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் அந்தக் கதை தெரியும். உயிரோடு இருக்கும்போது எல்லைக்கல்லை நகர்த்தினவன் செத்த பிறகு நிம்மதியில்லாமல் அலைவான். நெருப்பாகக் கனலும் அந்தக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம், எங்கே வைக்கட்டும், எங்கே வைக்கட்டும் என்று கேட்பான். எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுவார்கள். பல காலம் கழித்து, கடையிலிருந்து தள்ளாடி வந்த ஒரு குடிகாரன் மட்டும், அட மடையா, எடுத்த இடத்தில் வையேன் என்றான். நெருப்பு மனிதன் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தானாம். கல்லை வைத்துவிட்டு மறைந்துபோனான். ஹில்ட்ரூட் கையை வளைத்து, கல்லைச் சுமக்கிற மாதிரியே தள்ளாடிக் காட்டுவாள். நானே மறைந்து நின்று கேட்டிருக்கிறேன், முதுகு சில்லிட்டுவிடும்.

மாமனார் இறந்து பல வருஷங்கள் கழித்து எழுவரில் ஓர் இடம் காலியானது. இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டன. இப்போதைய தலைவர் பர்க்கார்ட், எண்பதைத் தாண்டிய மனிதர், ஹில்ட்ரூட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதுவரை பெண்கள் யாரும் எழுவரில் இருந்ததில்லை. எங்களில் ஒருவரான ஓட்மார் மேசையைத் தட்டினார், பொம்பளை வாயில் ரகசியம் தங்காது என்று. ஹில்ட்ரூட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மா உங்களைப் பத்தி என்கிட்ட சொன்னதெல்லாம் இதுவரைக்கும் யார் காதுலயாவது விழுந்திருக்கா, ஓட்மார்?"

ஓட்மார் அதற்குப் பிறகு தன் ஒயினைப் பார்த்தபடியே இருந்தார். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கோட்டைக் கோயிலில் அவள் கையை உயர்த்தி, சாகும்வரை காப்பேன் என்று சத்தியம் செய்தாள். அடையாளத்தை நான்தான் அவள் காதில் சொன்னேன்.

அதோடு அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நிம்மதியும் போனது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எல்லைக்கல்லின் உச்சியில் ஒரு கோடு கீறியிருக்கும். அடுத்த கல் எந்தப் பக்கம் என்று அது காட்டும். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுவரைத் தவிர அதைக் குனிந்து பார்க்கிறவன் கிடையாது. சத்தியம் செய்த புதிது, வேகம் வேறு. மே மாதத்தில் கொடி கட்டப் போனவள் தூணோரம் இருந்த கல்லைக் குனிந்து பார்த்தாள். கோடு சரிவில் மேலே இருக்கும் அடுத்த கல்லைப் பார்க்காமல் தோட்டத்துக் கற்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொருத்தி என்றால் எங்களிடம் வந்து சொல்லியிருப்பாள். இவளுக்குத்தான் பொறுமை கிடையாதே. எழுவரில் ஒருவர் தனியாகக் கல்லைத் திறக்கக் கூடாது என்பது தெரிந்தும், கையிலிருந்த களைக்கொத்தால் பக்கவாட்டில் பறித்துக் கையை உள்ளே விட்டாள்.

கல்லுக்கு அடியில் அடையாளம் இல்லை. வெறும் மண். விரலில் ஏதோ குத்தியது. இழுத்துப் பார்த்தால், துருப்பிடித்த கம்பிவடத்தின் ஒரு நுனி. செங்குத்துச் சரிவில் கலப்பையை மேலே இழுக்கிற யந்திரத்தின் வடம் அது. அந்தச் சரிவில் அப்படிப்பட்ட யந்திரம் வைத்திருந்தது ஒரே வீடு. அவள் வீடு.

அவள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கம்பியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, அந்த மலைச்சரிவு முழுவதும் ஏறி இறங்கி ஏறி இறங்கி நடந்தாளாம். பிறகு என்னிடம் அவளே சொன்னது இது.

அவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கல் இடம் மாறியிருந்தால் தூண் அவர்களுடையது இல்லை. அவள் கையால் தேய்த்து வெளியே கொண்டுவந்த தூண், பலகையில் வரைந்த தூண், ஊரார் முன்னால் இத்தனை வருஷம் என்னுடையது என்று காட்டிய தூண். கல்லை நகர்த்தியது புருஷனா, செத்துப்போன மாமனாரா என்றும் தெரியாது. எங்களிடம் சொன்னால் புருஷன் பெயர் நாறிப்போகும், அவளும் தனியாகத் தோண்டிய குற்றத்துக்கு எழுவரை விட்டுப் போகவேண்டும். சொல்லாமல் இருந்தால் கோயிலில் உயர்த்திய கை பொய். சரி, ஆல்பனிடமாவது மனதைத் திறக்கலாம் என்றால் அதுவும் முடியாது. கல்லுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று சொல்வதே, அடியில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்வதில் பாதி.

அந்தக் கோடை முழுவதும் அவள் ஒரு நிலையில் இல்லை. இறைத்த தோட்டத்துக்கே மறுபடி இறைத்தாள். கடை திறக்கும் நாளுக்கு முன்பாகவே வாசலில் பச்சைக் கொத்தைத் தொங்கவிட்டுவிட்டாள். ஆட்கள் வந்து மேசையில் உட்கார்ந்து பார்த்தால் அடுப்பே மூட்டவில்லை. பேசும்போது கை ஏப்ரன் பைக்குள்ளேயே எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் என் முற்றத்துக்கு வந்து, உட்காரச் சொன்னால் உட்காராமல் பீப்பாய்க்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே, எழுவரில் யாராவது தனியாகக் கல்லைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். என்ன ஆகும், அவன் அன்றைக்கோடு எழுவரில் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பாவி, அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். புதுசாகச் சேர்ந்தவள், சட்டம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஊராட்சியில் ஒரு திட்டம் போட்டார்கள். வாயிற்கோபுரத்திலிருந்து கோட்டைக் கோயில் வழியாகத் திராட்சைத் தூண் வரைக்கும் பார்வையாளர்களுக்குப் பாதை, வழியெல்லாம் விளக்கப் பலகை. அறுவடை முடிந்ததும் பாதையோரக் கற்களை எல்லாம் எழுவர் திறந்து சரிபார்க்கவேண்டும் என்று முடிவானது. ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருந்த வென்டலின் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்தான். ஆல்பனும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்; அந்தத் தூண் விவகாரத்துக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியதில்லை. முதலில் தூணோரத்துக் கல்லைத் திறங்கள், மற்றது அப்புறம் என்றான். யாரும் மறுக்கவில்லை. ஹில்ட்ரூட் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

அன்று சாயங்காலம் களஞ்சியத்தில் ஆல்பன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"தூண்கிட்ட இருக்கற கல்லு எப்பவாவது விழுந்துச்சா, ஆல்பன்?"

"கல்லு எங்க விழும்? போய் வேலையப் பாரு."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் தொட்டி நிரம்பி, வழிந்து, தண்ணீர் அவன் பூட்ஸுக்குள் இறங்கியும் குழாயை மூடவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமனார் இல்லை, இவன்தான்.

அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் மேல் தோட்டத்துக்குப் போனால் அவன் கீழ்த் தோட்டத்துக்குப் போவான். சாப்பாட்டு மேசையில் அவன் மட்டும் உட்கார்ந்து சூப்பைக் கிண்டிவிட்டு எழுந்துவிடுவான். அறுவடைக் கூலிக்கு வந்த பெண்கள், இந்த வீட்டில் செத்தது யார் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். கோபுரம், கோயில், பழைய அறைகள் எல்லாவற்றையும் ஹில்ட்ரூட் ஓட்டமும் நடையுமாகக் காட்டித் தூணுக்குக் கூட்டி வந்தாள். நெருப்பு மனிதன் கதையைத் தொடங்கினாள். எங்கே வைக்கட்டும், எங்கே வைக்கட்டும் என்று கையை வளைத்துக் கேட்டவள், அப்படியே நின்றுவிட்டாள். குடிகாரனின் பதில் வரவில்லை. முன்னால் நின்ற ஒரு பெரியவர், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் கையைக் கீழே போட்டுவிட்டு, வாருங்கள், ஒயின் ஆறிப்போகும் என்று சொல்லிக் கிடுகிடுவென்று இறங்கிவிட்டாள். எங்கள் வெள்ளை ஒயின் எந்தக் காலத்தில் சூடாக இருந்தது? அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை நாங்கள் ஏழு பேரும் மண்வெட்டிகளோடு மேலே ஏறினோம். நதி இருக்கும் இடம் தெரியாமல் கீழே பனிமூட்டம். எங்கள் வழக்கப்படி நிலத்துக்காரர்கள் இருவரையும் தாழ்வான கற்சுவருக்கு அருகே, எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னோம். கல்லைத் திறக்கும்போது வேறு கண் படக்கூடாது. வென்டலின் நதிப் பக்கம் பார்த்துக்கொண்டு சீட்டியடித்தான். ஆல்பன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். அவன் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

பர்க்கார்ட் மண்வெட்டியை ஊன்றினார். ஹில்ட்ரூட் முன்னால் வந்து அதன் காம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"இதை நான் ஏற்கெனவே தோண்டிட்டேன். தனியா. மே மாசத்துல."

ஓட்மார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பர்க்கார்ட் கையைக் காட்டி அடக்கினார். கிழவரின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"உன் சத்தியத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல கல்லு."

தோண்டினோம். வெறும் மண். பர்க்கார்ட் மேல் கல்லருகே போய் நின்று, கீழ்க் கல்லையும் பார்த்துக் கண்ணாலேயே கோடு இழுத்து, தூணுக்கு இந்தப் பக்கம், ஆல்பன் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். யாரும் கேட்காமலே ஹில்ட்ரூட் அங்கே போய்த் தோண்ட ஆரம்பித்தாள். இவ்வளவு நாள் அடக்கி வைத்த வேகமெல்லாம் அந்த மண்வெட்டியில் இறங்கியது. கொஞ்ச ஆழத்தில் மண்வெட்டி ஒன்றில் இடித்தது. மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கினாள். என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன். இருந்தது. வைத்தவன் வைத்தபடி, ஒன்றும் கலையாமல் இருந்தது.

அவள் எழுந்து, ஏப்ரன் பையிலிருந்து அந்தத் துருப்பிடித்த கம்பியை எடுத்துத் தூணின் படிமேல் வைத்தாள். நாங்கள் அடையாளத்தின்மேல் சாக்கைப் போட்டு மூடினோம். பர்க்கார்ட் இருவரையும் கூப்பிட்டு, கல் இடம் மாறியிருக்கிறது, தூண் வென்டலினுடையது என்று சுருக்கமாகச் சொன்னார்.

வென்டலின் குதிப்பான் என்று நினைத்தோம். அவன் குதிக்கவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது.

"எங்கப்பா வாய் கிழியக் கத்தினாரே. ஒருத்தர், ஒரே ஒருத்தர் காது குடுத்தீங்களா?" ஆல்பன் பக்கம் திரும்பினான். "நெருப்பு மனுஷன் செத்த அப்புறம்தான் அலைவான்னாங்க. இவன் உயிரோடயே கடை வச்சு ஒயின் ஊத்திட்டு இருந்திருக்கான்டா."

ஆல்பன் அவனைப் பார்க்கவில்லை. படிமேல் இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"மே மாசத்துலேர்ந்து இதைப் பையிலயே வச்சிருந்தியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த முரட்டு மனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் யந்திரத்தின் வடம் சிக்கி இந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டது. எல்லைக்கல் விழுந்தால் எழுவரைக் கூப்பிடவேண்டும். எழுவரின் தலைவர் அவனுடைய அப்பா. அவர் முன்னால் போய் நிற்கத் தைரியமில்லாமல், முள்புதருக்குள் கண்ணால் மதிப்புப் போட்டுத் தானே நட்டுவிட்டான். தூணை அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லையாம். அவள் முள்ளை வெட்டிய அன்றைக்குத்தான், தப்பான பக்கத்தில் நட்டுவிட்டோம் என்பது தெரிந்தது. புதுப் பெண்டாட்டி கண் மலர மலரக் கேட்டாள், இது யாருடையது என்று. நம்முடையது என்று சொல்லிவிட்டான். வென்டலினின் அப்பாவைத் தன் அப்பா வாயடைத்தபோதும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

சொல்லி முடித்துவிட்டு யாரும் எதிர்பாராதபடி குனிந்தான். நாங்கள் சுற்றிலும் தோண்டியிருந்ததால் கல் ஆடிக்கொண்டிருந்தது. நிலத்துக்காரன் எல்லைக்கல்லில் கை வைக்கக் கூடாது. அது எங்கள் வேலை. பர்க்கார்ட் தடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். ஆல்பன் கல்லைக் கட்டிப்பிடித்து, முனகிக்கொண்டே பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான். சட்டையெல்லாம் சேறு. கனம் தாங்காமல் கால் தடுமாறியது. எங்களையும் பார்க்கவில்லை, வென்டலினையும் பார்க்கவில்லை. ஹில்ட்ரூட்டுக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்க வைக்கட்டும்?"

அந்தக் கேள்வியைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது ஒரு மனிதன் வாயிலிருந்து நிஜமாகவே வரும் என்று யார் கண்டது? வென்டலின்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஹில்ட்ரூட் அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடுதான் பதில் சொன்னாள், ஆனால் குரல் பிசகவில்லை.

"எடுத்த எடத்துல வை, ஆல்பன்."

அவன் தூணைச் சுற்றி நடந்து வந்து, குழிக்குப் பக்கத்தில் கல்லை மெதுவாக இறக்கினான். பிறகு நாங்கள் சொல்லாமலே சுவரருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். வென்டலினும் போய் அவன் பக்கத்தில் நின்றான். அடையாளத்தின்மேல் கல்லை நட்டு, கோட்டை மேல் கல்லுக்கு நேராகத் திருப்பி, மண்ணை இறுக்கி மிதித்தோம். வேலை முடிந்ததும் ஹில்ட்ரூட் பர்க்கார்டிடம் மண்வெட்டியை நீட்டி, நான் போகிறேன், எழுவரில் எனக்கு இடமில்லை என்றாள். கிழவர் அதை வாங்கவில்லை.

"சாகற வரைக்கும்னு சத்தியம் பண்ணியிருக்கே. இப்பவே நழுவலாம்னு பாக்கறியா? நாளைக்குக் கீழ்ப்பாதைல ஆறு கல்லு இருக்கு. காலைல வந்து சேரு."

ஓட்மார்கூட அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பனி விலகி, கீழே நதி கொஞ்சம் தெரிந்தது. நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஹில்ட்ரூட் தூணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வென்டலினைப் பார்த்து அவள் கேட்டாள்.

"உங்க தூண் படியில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

வென்டலின் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு அவளைப் பார்த்தான். தூணைப் பார்த்தான், உச்சியில் இருந்த மாதாவைப் பார்த்தான்.

"உக்காரு. தேய்ச்சு வெளுத்தவ நீதானே."

ஹில்ட்ரூட் உட்கார்ந்தாள்.